கலங்கல்

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை.
குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் கல்கட்டுக்கும் அதுதான் பேர்.
குளம் கெட்டால் நான் படிவத்தில் எழுதுவதும் அதைத்தான்.
இன்று முதலாவதன் மேல் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு
இரண்டாவதை அளக்கப் போகிறேன்.

திருப்பூருக்குக் கிழக்கே பொன்னாக்காட்டுக் குளம்.
சாக்கடை வரத்து இருப்பதால் சித்திரையிலும் வற்றாது.
படகுத்துறைக்கு அஸ்திவாரம் தோண்ட
மிதவை மேல் பொக்லைன், இன்றோடு ஒன்பது நாள்.
ஒவ்வொரு வாளியிலும் பாதிதான் கரைக்கு வருகிறது.
மீதி பற்களின் சந்தில் ஒழுகி
வந்த இடத்துக்கே, ஆனால்
தூக்கம் கலைந்து, திரும்புகிறது.

பரிசல் சென்னியப்பனுடையது. மீன் குத்தகையும் அவருடையதே.
கறுப்பும் வெள்ளையுமாய் நாலு கூறு போட்ட தட்டைக்
கயிற்றில் விட்டேன்.
மாசியில் தொண்ணூறு சென்டிமீட்டர் வரை வெள்ளை தெரிந்தது.
இன்று ஒரு சாண்.
அதற்குக் கீழே
வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை.

"குட்டையைக் கொழப்புனா மீன் புடிக்கலாம்னு சொல்லுவாங்கல்லொ,
புடிக்கவே வேண்டாமுங்க அம்மிணி. அதுவே மேல வந்துருச்சு பாருங்க."
ஜிலேபிக் கெண்டைகள் நீரின் தோலில் வாய் வைத்துக்
காற்றைக் கடன் கேட்டுக்கொண்டிருந்தன.

குமிழ் ஏறாமல் புட்டியை நிரப்பி
இரண்டு மருந்தையும் விட்டேன்.
பிராணவாயு இருந்தால் பழுப்பாய்த் திரியும்.
திரிந்தது வெள்ளையாக,
தோசை மாவு மாதிரி, அப்பழுக்கில்லாமல்.
இந்த வேலையில் வெள்ளை நல்ல சகுனம் இல்லை.

சேறு சும்மா கிடந்தவரை
பாஸ்பரஸ் இரும்பைக் கட்டிக்கொண்டு கிடந்தது.
மூச்சு முட்டியதும் இரும்பு கையை விட்டுவிட்டது.
இனி அது பாசிக்குத் தீனி.
பத்து நாளில் குளம் பச்சையாகும்,
பாலத்தில் பைக்கை நிறுத்திப் பார்ப்பவர்கள்
செழிப்பு என்பார்கள்.

பத்தரை மணிக்கு வாளியில் ஒரு கட்டி உடையாமல் வந்தது.
வெட்டுப்பட்ட முகத்தில் வரி வரியாக:
கறுப்பு, சாம்பல், மறுபடி கறுப்பு,
பிறகு ஒரு விரற்கடை கத்திரிப்பூ நிறம்.

அந்த நிறத்தை எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வயதில், பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில்,
இரண்டு சீசன் அதைத்தான் மடித்தேன்.
ஓவர்டைம் காசில் கெமிஸ்ட்ரி படித்தேன்.
எத்தனை துவைத்தாலும் சாயம் போகாது என்ற அட்டையை
ஒவ்வொன்றிலும் கோத்ததும் இந்தக் கைதான்.
பொய் சொல்லவில்லை.
போகவில்லை.

"அப்பச் சேத்த அள்றதே தப்புங்களா?" என்கிறார் சென்னியப்பன்.
அள்ளாவிட்டால் அடியில் இருக்கும்.
இப்படி அள்ளினால் நடுவில் இருக்கும்.
அள்ளிக் கொண்டுபோய் யார் காட்டில் கொட்டுவது என்பதற்கு
டெண்டரில் ஒரு வரிகூட இல்லை.
இதையெல்லாம் சொல்லாமல்
"காத்து நின்னா மூணு நாள்ல தெளிஞ்சிரும்ங்க" என்றேன்.
அவர் செத்த மீனொன்றைத் துடுப்பால் தள்ளிவிட்டார்.

போனில் என்ஜினீயர்:
"அரை மணி நேரம் தெளிய வெச்சு
மேல் தண்ணிய மட்டும் எடுங்க மேடம்,
ரிப்போர்ட் சுத்தமா இருக்கும்."

கல்கட்டில் வைத்த புட்டியில் அதற்குள்ளாகவே
மேலே ஒரு விரல் உயரம்
கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.
யாருக்கும் குடிக்கக் கொடுக்கலாம் போல.

அளக்கும் முன் குலுக்கவும் என்கிறது முறை.
மூடியை இறுக்கி,
தலைகீழாக,
குலுக்கினேன்.