நூற்றிருபது ஓம்

காலை ஏழு மணி. ஓ க்ரோவே துறைமுகம்.
மூடுபனி படகுகளின் பெயர்களை அழித்துவிட்டது.
ஐஸ் ஆலை எங்கோ உறுமுகிறது,
காதுக்கு மட்டும் தெரிகிற கட்டடம்.

கம்பத்தின் உச்சியில் ரேடாரின் கை
சுற்றுகிறது, சுற்றுகிறது.
கீழே திரையில் ஒரே வரி:
ரேடாரைக் காணவில்லை.
"எனக்குத் தெரிகிறதே" என்றாள் சபேலா,
கழுத்தை நிமிர்த்தி, வாயில் அணைந்த சிகரெட்டோடு.
"வெளியே நானூறு சிப்பி மிதவை. ஒவ்வொன்றும் என் வீட்டைவிட அகலம்.
முட்டினால் சிப்பிக்கு வலிக்காது."

சுக்கானுக்குப் பின்னால் பலகையைக் கழற்றித்
தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்தேன்.
டீசல். ஈரக் கம்பளி.
இருபது வருடக் கேபிள்கள்
ஒன்றையொன்று கேட்காமல் குடியேறியிருந்தன.
எதிலும் பெயரில்லை.
ஒன்றில் மட்டும் பழுப்பு டேப்பில் எழுதியிருந்தது:
'இது அல்ல.'

ஈதர்நெட் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன்,
இருட்டில் பூனையின் வாலைப் பிடித்தவன் மாதிரி,
பல் எந்தப் பக்கம் என்று தெரியாமல்.
பல் இருந்தது. எட்டுப் பின்களில் மூன்று பச்சை.
உப்பு அங்கே உட்கார்ந்து
செம்பைப் பாசியாக்கிக்கொண்டிருந்தது.
வெட்டினேன். உரித்தேன்.
ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம்…
விரல் விறைத்துப்போனால்
நீலமும் பச்சையும் ஒன்றுதான்.
இரண்டாம் முறை இடுக்கி சரியாகக் கடித்தது.

திரையில் கரை வந்தது.
சபேலா காப்பியில் ஒருஹோ ஊற்றினாள்,
எஞ்சினைக் கிளப்பினாள்.
ஆழம் போயிற்று.
காற்று போயிற்று.
திசைகாட்டி வடக்கை இரண்டு முறை சொல்லிவிட்டு
வாயை மூடிக்கொண்டது.
ஐந்து நொடியில் எல்லாம் திரும்பி வந்தன,
செருப்பை மறந்த விருந்தாளிகள் போல,
மறுபடி கிளம்பிப் போயின.

"கைராசிக்காரன்" என்றாள்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு
வெள்ளைக் கம்பிக்கும் நீலக் கம்பிக்கும் நடுவே
மீட்டரை வைத்தேன்.
அறுபது காட்ட வேண்டும்.
இரு கோடியிலும் ஆளுக்கொரு நூற்றிருபது நின்றால்
நடுவில் அறுபது, அவ்வளவுதான் கணக்கு.
நூற்றிருபது காட்டியது.
ஒரு கோடி திறந்து கிடக்கிறது.
போன சொல் அங்கே முட்டித் திரும்பி
வருகிற சொல்லின் மேல் விழுகிறது.

எஞ்சின் அறையில் கிடைத்தது அந்தக் கோடி.
மூடி இருக்க வேண்டிய இடத்தில்
புது டயல் ஒன்றின் வால்.
சின்னப் படகு, சின்னக் கம்பி;
ஒற்றைக் காலில் ஏழு மாதம் நின்றிருக்கிறது.
பையில் டீ இணைப்பு இருந்தது. மூடி இல்லை.
விகோவிலிருந்து வர இரண்டு நாள்.

"டயலை மாட்டியது யார்?"
அவள் கயிற்றைச் சுருட்டினாள்,
ஏற்கெனவே சுருட்டியிருந்த கயிற்றை.
"அமாரோ. தம்பி.
அப்புறம் மிதவை ஒன்றை விற்றோம்.
அப்புறம் பேச்சில்லை."

நான் பேசுகிறேன் என்றேன்.
போனைத் தரவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு
அவளே அழைத்தாள். வெகுநேரம் மணி அடித்தது.
"மூடி ஒன்று கழற்றினாயா?
சின்னது. கறுப்பு.
ஆமாம், எதையும் எதோடும் சேர்க்காதுதான்.
அது சும்மா இல்லையாம்.
எந்த டப்பா?"
பனிக்குள் ஒரு கடற்காகம் தவறான திசையில் கத்தியது.
"ம். சாப்பிட்டேன். நீ?"

மத்தி மீன் டப்பா. உள்ளே
துருப்பிடித்த திருகாணிகள், ஒரு சட்டைப் பொத்தான்,
கட்டைவிரல் அளவில் அந்தக் கறுப்பு மூடி.
திருகினேன்.
ஐம்பத்தொன்பது புள்ளி எட்டு.

பனி விலகவில்லை. அவள் கிளம்பிவிட்டாள்.
கடைசியாக நான் பார்த்தபோது திரையில்
மிதவைகள் வரிசை வரிசையாக நின்றன,
நடுவில் ஒரு படகு போகிற இடம் விட்டு.
பாதிக் கூலி பணம், பாதி சிப்பி.

வீட்டில் சிப்பி வாய் திறக்கும்போதுதான்
ஞாபகம் வந்தது:
பலகைக்குப் பின்னால், கேபிள்களுக்கு நடுவே,
என் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.