சீனி வந்திருந்தான்

கீழக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரை
ஓலைக் கொட்டானில் தொதல் சுமந்து வந்தவனிடம்
"பதினோரு மாசமாச்சு, தொடுறதில்லை" என்றேன்.
பேரிலேயே சீனி வைத்திருக்கும் இபுராகிமுக்கு
முகம் விழுந்துவிட்டது.

முதல் மாதம் கனவிலும் ஜீரா சொட்டியது, மறைக்கவில்லை.
பிறகொரு சாயங்காலம்
பாம்பன் பக்கம் ரயில் கூவிக்கொண்டிருக்க
செலஸ்தீனாள் கணவாயை மிளகில் புரட்டி
கல்லிலிருந்து நேரே தட்டில் தள்ளினாள்.
நாக்கில் இத்தனை அறைகள்
பூட்டிக் கிடந்தது அன்றுதான் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்கு அவள் ஊறப்போட்ட திராட்சை ஒயின்
மறந்துபோன சாடியில்
சர்க்கரை மொத்தத்தையும் தின்று தீர்த்துத்
துவர்த்து நின்றது.
"கெட்டுப்போச்சு, கொட்டிரவா?"
கொடு இங்கே.
எனக்கு முன்பே இனிப்பை விட்ட ஆள் இது.
ஒரு மடக்கு, ஒரு நெத்திலி,
மறுபடி ஒரு மடக்கு.

சீனி குடிக்கமாட்டான்.
நெத்திலியைத் தலையோடு மென்றபடி
"உப்பு தூக்கல்" என்றான்,
அடுத்ததை எடுத்தான்.

எறும்பு ஏறாதிருக்கத்
தண்ணீர்த் தட்டில் நிறுத்திவைத்தாள் தொதலை.
அது ஒரு தீவாக அங்கே இருந்தது.
நாங்கள் எங்கள் தீவில்
விரல் நக்கிக்கொண்டிருந்தோம்.