பூஜ்ஜியக் காற்று

துத்தநாக அசிடேட் பத்து கிராம்.
வெந்நீரில் கரையும்வரை வெறும் தண்ணீர்தான்.
காரம் சொட்டச் சொட்டப்
பால் திரிகிறது.
திரிந்ததைக் கெட்டுப்போனது என்று சொல்லாத
சமையலறை எங்களுடையது:
தண்டையார்பேட்டை, லேத் பட்டறைக்கு மேல் மாடி.

ஐந்து தடவை கழுவ வேண்டும்.
சுழற்றி, தெளிவை இறுத்து, மறுபடி சுழற்றி.
நான்கோடு நான் நிறுத்திய நாளில்
உப்பு மிஞ்சி அச்சுத் தலையின் துளை அடைத்தது.
ஃபௌசியா ஒரு வாரம் பேசவில்லை,
என்னோடும் அந்த இயந்திரத்தோடும்.

ஒவ்வொரு துகளும் இன்னொன்றைத் தேடும்.
சேர்ந்தால் கனம், கனத்தால் வண்டல்.
ஒட்டவிடாமல் பிரித்துவைக்க
ஒலியலைத் தொட்டியில் நாற்பது நிமிடம்.
தொட்டி கொசுக்கூட்டமாய் இரைய,
கீழே லேத் வேறு சுருதியில் இரும்பைச் சீவ,
நடுவில் டீ ஆறுகிறது.
கிளைகால் கூடினால் மை காய மறுக்கும்.
குறைந்தால் ஓரம் மட்டும் கெட்டியாகி
டம்ளர் வைத்த கறைபோல் நடு வெறும் வட்டம்.
மழைக்கால ஈரத்துக்கு
எந்த நோட்டிலும் கணக்கு இல்லை.

மஞ்சள் பிளாஸ்டிக் தாளில்
வெள்ளியில் இரண்டு சீப்புகள், பல்லோடு பல் படாமல்.
அதன்மேல் எங்கள் மை,
தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு கனம்.
வளைத்தால் வளையும். குழாயில் சுற்றலாம்.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
அம்மோனியாக் குழாய் பார்க்கும் அருளப்பன்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இம்மாந்தூண்டா? எங்களுக்கு மூக்குதாம்மா மீட்டரு.
எனக்கு அதுவும் பூடுச்சி, அஞ்சு வருஷமாச்சு."

எதையும் அளக்க முதலில் பூஜ்ஜியம் வேண்டும்.
ஜன்னலைத் திறந்துவைத்தோம்.
திரையில் கோடு இறங்கவில்லை.
விடிகாலை நாலரை,
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
வரிசையாய் உறங்கும் நேரம்,
அப்போதும் கோடு எதையோ முகர்ந்தபடி இருந்தது.
மையில்தான் தவறென்று
மூன்று தடவை புதிதாய்க் காய்ச்சினோம்.
மையில் தவறில்லை.

கடைசியில் சுத்தமான காற்றை
விலைக்கு வாங்கினோம்.
சிலிண்டர் ஒன்று, டெபாசிட் தனி.
சீட்டில், நிரப்பிய இடம்: மணலி.
படித்தோம். இருவரும் சிரிக்கவில்லை.
திருகைத் திறந்ததும் கோடு
முதல்முறையாகத் தரையில் படுத்தது.

ஃபௌசியா குழாயைப் பிடுங்கி
முகத்தருகே வைத்து மூச்சிழுத்தாள்.
எப்படி இருக்கு என்றேன்.
"ஒண்ணுமே இல்ல."
இன்னொரு மூச்சு இழுத்தாள்.