கையால் கழுவவும்

கோப்பைகளோடு ஒரு சின்ன மட்டையும் வந்தது.
குகேந்தினியின் சரிந்த எழுத்து:
"இரண்டு கையாலும் பிடித்துக் கழுவவும்.
சுட்டதைக் குளிரில் வைக்க வேண்டாம்.
ஈரத்தோடு அடுக்க வேண்டாம்."
முதல் வரியை எழுதும்போது
அவள் என்னை நினைக்கவில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

ஆறு கோப்பைகள்.
வற்றின குளத்து வண்டலின் நிறம்.
ஒன்று மற்றதைப்போல் இல்லை.
மூன்றாவதற்கு வாய் கொஞ்சம் கோணல்,
குடித்துப் பார்த்தால் அதுதான் உதட்டுக்குச் சரி.

வந்த அன்று பின்னேரமே
சிவப்பரிசிக் கஞ்சித் தண்ணியில் ஆறையும் அமிழ்த்தி
சின்ன நெருப்பில் ஒரு மணித்தியாலம் வைத்தேன்.
மண்ணுக்குக் கண்ணில் படாத வாய்கள் உண்டாம்.
கஞ்சி குடித்துப் பசியாறினால்
என் தேத்தண்ணியில் பங்கு கேட்காது.

மல்லாவியில் எங்கள் கிணறு கல்லுத் தண்ணி.
கேத்திலுக்குள் வெள்ளை ஓடு கட்டும்,
ஆட்களுக்குள்ளும் கட்டும் என்கிறார்கள்.
ஒரு கிழமையில் கோப்பைகளின் அடியில்
சுண்ணாம்பு வளையம்.
அரைத் தேசிக்காயால் தேய்த்து
உடனேயே அலசிவிட்டேன், போனது.
கம்பித் தும்பை அவற்றுக்குக் காட்டுவதே இல்லை.

நான் கழுவுவது இப்படி:
தொட்டியின் அடியில் பழைய துவாய்.
போத்தல் பிரஷ் ஒன்றை
நிமிர்த்தி நிற்கும்படி ஒட்டியிருக்கிறேன்.
அது அசையாது.
கோப்பையை அதன்மேல் கவிழ்த்து
வலது கையால் சுற்றுவேன்.
வெளிப்புறத்துக்கு,
இடது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தில்
ஒரு சொக்ஸ், அதற்குள் ஸ்பொஞ்.
உள்ளே அவளுடைய விரல் ஏறிப்போன சுருள்
வரிவரியாகப் பிரஷில் தட்டுப்படும்.
அவளுடைய மோட்டார் சக்கரத்தில் ஒருக்கால் சுற்றியது
என் குசினியில் நாளுக்கு மூன்று தரம் சுற்றுகிறது,
எதிர்ப்பக்கமாக.

பிறகு நகத்தால் ஒரு தட்டு.
ணங் என்றால் சுகம்.
சரித்து வைப்பேன், கவிழ்ப்பதில்லை.
மினுக்கம் பூசாத அடிவளையம்
விடியும்வரை தண்ணியை விட்டுக்கொண்டிருக்கும்.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு
போட்டோகொப்பிக் கடை அருள்நேசன் வந்தான்.
"விடுங்கோ அண்ணை, நீங்கள் இருங்கோ."
இரண்டு நல்ல கைகள்.
கொதி தேத்தண்ணி இறங்கின சூட்டோடு
நேரே பைப்புக்குக் கீழே.
பல்லி ஒருக்கால் சொன்ன அளவு சத்தம்.
மூன்றாவது கோப்பை.

அவன் தன் கைகளைப் பார்த்தபடி நின்றான்.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
"பத்திலிருந்து ஐந்துக்கு வந்தவனுக்கு
ஆறிலிருந்து ஐந்து ஒரு கணக்கா?" என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்தான்.
யோசித்து முடிக்கச் சுணங்கியது.
பிறகு இரண்டு பேரும்
கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தோம்.

போனில் குகேந்தினி சொன்னாள்:
"இனி வாயில வைக்காதேங்கோ,
வெடிப்புக்குள்ள ஊத்தை குடியிருக்கும்.
கொண்டு வாங்கோ, இடிச்சுப் புது மண்ணில கலக்கிறன்.
ஒருக்கா வெந்த மண் சேர்ந்தால்
மற்றது சூளையில வெடிக்காது."
நல்ல யோசனைதான்.
இன்னும் கொண்டுபோகவில்லை.
அரைத் தேசிக்காய்கள் இப்போது அதற்குள்.

மட்டையைத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
"இரண்டு" என்பதை வெட்டவில்லை.
வருகிற ஆட்களும் வாசிக்க வேண்டுமே.