விருந்தினர் பக்கம்

பேத்தாழையில் புறப்படும்போது பட்டாவில்
பத்தொன்பது பேர், இரண்டு கொடி,
தோல் தளர்ந்த ஒரு மேளம்.
என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.
நான் உடுப்பு மூட்டைமேல் இருந்தேன்.

வெள்ளிமீன் கழகத்தின் பதினாறு ஜேர்சியும்
நான் தோய்ப்பது, நான் மடிப்பது,
ஒன்றுக்கு முப்பது ரூபாய்.
ஒன்பதாம் இலக்கத்தில் வாழைக்கறை.
நாலாம் இலக்கத்தின் தோளில்
ஓட்டமாவடி மெச்சில் கிழிந்த இடத்தில் என் தையல்.
ஆட்களை முகம் பார்த்து அறிகிறவர்கள் அறியட்டும்.

கல்லடிப் பாலத்தில் எல்லோரும் கத்தினார்கள்.
காரணம் இல்லை, பாலம் வந்தால் கத்துவோம்.
காத்தான்குடியில், பேரீச்ச மரங்களுக்கு நடுவே,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
போன வருசம் அங்கே ஐந்து கோல் வாங்கியிருந்தோம்.
கல்முனையில் சாரதி புவிதரனுக்குக் கொத்துரொட்டி வேண்டியிருந்தது.
இருபது நிமிடம்.

நிந்தவூர் மைதானத்து வாசலில்
"விருந்தினர் பக்கம் அங்கால" என்று கை காட்டினார் ஒருவர்.
அங்கால என்றால் மேற்குப் பார்த்த பக்கம்.
நாலு மணி வெயில் நேரே கண்ணுக்குள்.
எங்கள் ஊரிலும் வந்தவர்களை
அப்படித்தான் இருத்துகிறோம். குறை சொல்ல வழியில்லை.

அவர் என்னைப் பார்த்தார்.
பத்தொன்பது பேரைப் பார்த்தார்.
போனமுறை விழுந்த கல்லை நினைத்திருப்பார்.
மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்:
"ஜெஸ்மினா, இந்தப் புள்ளய மேல எடுங்க."

கட்டி முடியாத மாடி. தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது.
தண்ணீர்த் தாங்கியின் நிழலில் பெண்கள்.
எண்ணினேன், பதினொரு பேர்.
ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி
ஓஃப்சைட் என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்கட நாலாம் நம்பர்" என்றாள் ஜெஸ்மினா,
"இடது காலால அடிக்கவே மாட்டான். பாருங்க,
எங்கட ஆக்கள் அந்தப் பக்கத்தாலதான் வருவாங்க."
எங்கள் பயிற்றுநர் இரண்டு வருசமாய்க் காணாததை
மூன்று நிமிடத்தில் கண்டிருந்தாள்.

முப்பத்தோராம் நிமிடம். கோணர் கிக்.
வாழைக்கறை எழும்பித் தலையால் அடித்தது.
எழுந்தே விட்டேன். 'கோ' மட்டும் வெளியே வந்தது,
மற்ற எழுத்தைப் பல்லால் பிடித்துக்கொண்டேன்.
பதினொரு பேரும் திரும்பினார்கள்.
"மிச்சத்தையும் கத்துங்க" என்றாள் மிஸ்ரியா ராத்தா,
"பாதியில விட்டா விக்கல் எடுக்கும்."
கத்தினேன்.
பால் குடித்த குழந்தை வீரிட்டது.

பிறகு அவர்கள் ஒன்று போட்டார்கள், சொன்ன பக்கத்தால்.
ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி.
நாலுக்கு மூன்று என்று நிற்கையில்
மஃரிப் பாங்கு.
பந்து வெள்ளைப் புள்ளியில் இருக்க
நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
கடல் இரைவது அப்போதுதான் கேட்டது.
தயாளன் மேளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான்,
தன்பாட்டில் பேசிவிடும் என்பதுபோல.
பந்துக்கு முன்னால் என் தையல்.
அவ்வளவு நேரம் ஒரு மனிதனை
யோசிக்க விடக்கூடாது.

பாங்கு முடிந்தது. வந்தான்.
இடது காலால் அடித்தான்.

மதிலைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி
தாங்கியில் மோதி
என் காலடிக்கு உருண்டு வந்தது பந்து.
எடுத்தேன். மணல் ஒட்டியிருந்தது, இன்னும் சூடு.
கீழே ஊர் முழுக்க ஆடிக்கொண்டிருக்க
மாடியில் ஒருவரும் கத்தவில்லை.
எறியுங்க என்று ஜெஸ்மினா கண்ணால் சொன்னாள்.
எறிந்தேன்.

படியிறங்கும்போது கேட்டாள்:
"பெப்ரவரியில உங்கட ஊருக்கு வருவம்.
அங்க நாங்க எங்க இருக்கிற?"

எங்கள் மைதானத்துப் பக்கம் மாடிவீடு இல்லை.
ஒரு புளியமரம், ஒரு தகரக் கொட்டில்.
கொட்டில் பதினொரு பேரைத் தாங்குமா என்று
ஈர மூட்டைமேல் இருந்து யோசித்தபடி வந்தேன்.
கல்லடிப் பாலம் வந்தது.
ஒருவரும் கத்தவில்லை.
நான் ஒரு தடவை கத்திப் பார்த்தேன்.
ஏதோ விழுந்துவிட்டதென்று
புவிதரன் பிரேக் போட்டான்.