மோஸ்னரின் கை

எண்பத்தொன்பதாம் நிமிடம்.
பந்து வலைக்குள் போனதை நான் காணவில்லை.
முன்வரிசையில் எழுந்தவனின் முதுகு மறைத்தது.
சத்தம்தான் சொன்னது.
சத்தம் சொன்ன அதே கணத்தில்
பக்கத்து இருக்கை ஆள் என்னை
நிலத்திலிருந்து ஒரு சாண் தூக்கிவிட்டார்.

அந்த ஆள் மோஸ்னர்.
எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடி.
ஆறு வருடமாக என் 'குட்டன் மோர்கனுக்கு'
தாடையால் மட்டும் பதில் தருகிறவர்.
படி கூட்டும் வாரம் எங்களுடையதென்றால்
நான் கூட்டி முடித்ததும் இறங்கி வந்து
கைப்பிடியை ஒரு விரலால் தடவிப் பார்ப்பவர்.
போன மார்ச்சில், கருவாடு பொரித்த இரவுக்கு மறுநாள்,
வீட்டு நிர்வாகத்துக்கு
மூன்று பத்தியில் கடிதம் எழுதியவர்.

ஸ்டுட்கார்ட் முழுக்க இடமிருக்க
இந்த வரிசையில், இந்த எண்ணுக்கு அடுத்த எண்ணில்
அவர் வந்து நின்றபோது
இரண்டு பேருமே டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்,
அச்சுப்பிழையாக இருக்கக்கூடாதா என்று.

இப்போது அவர் மூக்கு என் மப்ளருக்குள்.
அவர் பியர் என் சப்பாத்துக்குள்.
'கனா! கனா!' என்கிறார்.
கடிதத்தில் கனகசபாபதி என்று
ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதத் தெரிந்தவர்.
அவசரத்தில் பாதியில் அறுத்ததற்கு
எங்கள் பாஷையில் என்ன அர்த்தமென்று
அவருக்கு யார் சொல்வது.

அப்போதுதான் நடுவர்
காதில் விரலை வைத்தார்.

ஒரு மைதானம் மூச்சைப் பிடித்தால்
தூரத்து ரயில் கேட்கும்.
கேட்டது.
எங்கோ ஓர் அறையில், வியர்க்காத யாரோ
எங்கள் பதினேழாம் எண்ணின் தோளில் கோடு போடுகிறார்.
தோள் எங்கே முடிந்து கை எங்கே தொடங்குகிறது,
சட்டைக்கு அளவெடுப்பவனே தடுமாறும் இடம்.

மோஸ்னரின் கை என் தோளில் இருந்தது.
எடுக்கவும் இல்லை. அழுத்தவும் இல்லை.
கோல் என்றால் அந்தக் கை நியாயம்.
கோல் இல்லையென்றால்
அதற்கு என்ன விளக்கம் சொல்வார் மனுஷன்?

ஒரு நிமிடம்.
இரண்டு.
பெரிய திரையில் 'பரிசீலனையில்' என்ற சொல் மட்டும்,
எங்களையும் சேர்த்துத்தான் போல.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
வீட்டில், சோபாவில், கோடு போட்ட படத்தை
எங்களுக்கு முன்பே பார்த்துவிட்ட என் மனைவி:
'தோள்பட்டை. போச்சு.'

நேர்மையான ஆள் என்றால்
அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.
நான் போனை மெல்லப் பைக்குள் விட்டேன்.
'என்ன?' என்று புருவத்தால் கேட்டார்.
'வீட்டில் பால் முடிந்துவிட்டதாம்' என்றேன்.
இன்னும் ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதலாகவே,
அந்தக் கை அங்கே இருந்தது.
எத்தனை கேமரா வைத்தும்
யாரும் பிடிக்காத ஃபவுல் அது.

நடுவர் காற்றில் ஒரு பெட்டி வரைந்தார்.
கை மேலே போனது.
இந்தக் கை கீழே இறங்கியது,
சூடான சட்டியிலிருந்து எடுப்பதுபோல.
ஆனால் காற்சட்டையில் துடைக்கவில்லை.
அதையும் கவனித்தேன்.

திரும்பும்போது ஒரே டிராம்.
அவர் முன்கதவருகே, நான் பின்னால்.
நெக்கார் பாலத்தில் எல்லாரும்
அந்த நான்கு சென்டிமீட்டரைத் திட்டினார்கள்.
நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம்.

திங்கட்கிழமை
என் கதவில் படி கூட்டும் பலகை தொங்கியது.
கூட்டினேன், மூன்று மாடியும்.
கடைசிப் படியில் நிற்கையில்
மேலே அந்தச் செருப்புச் சத்தம்.
இறங்கி வந்தார்.
கைப்பிடியில் விரலை வைத்தார்.
இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
நிதானமாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

'தூசி,' என்றார்.
பிறகு, இரண்டு படி ஏறியபின்,
திரும்பாமல்:
'தூசி, கனா.'