நானூற்றுப் பன்னிரண்டாயிரம்

காலை ஐந்தரை. பகாவ் இன்னும் கொட்டாவி விடவில்லை.
பானட்டைத் தூக்கிக் கம்பியை உருவுகிறேன்,
துடைத்து, செருகி, மறுபடி உருவி
கைப்பேசி வெளிச்சத்தில் பார்க்கிறேன்.
கறுப்பு எண்ணெய் மேல்கோட்டுக்கு ஒரு நகக்கண் கீழே.
போதும்.
ராத்திரி நிறுத்திய சிமெண்டில்
பத்துக்காசு அகலத்துக்கு ஒரு பொட்டு.
போன மாதமும் அது பத்துக்காசுதான்.
வளராத பொட்டோடு குடித்தனம் நடத்தலாம்.

தொண்ணூற்றேழில் பதிந்த வீரா.
முதல் சொந்தக்காரர் தோட்டத்துக் கிராணி.
இரண்டாமவர் யாரோ, பின்சீட்டுக்கடியில்
ஒரு தூண்டில்முள்ளை மட்டும் விட்டுப்போனார்.
நான் மூன்றாவது.

திங்கள், புதன், வெள்ளி.
செம்பனை ஆலை வாசலில் குணவதி,
தாமான் முனையில், எப்போதும் ஐந்து நிமிடம் பிந்தி, மாக் சிக் ரொகாயா.
கோலா பிலாவில் நான்கு மணி நேரம்
இயந்திரம் அவர்கள் இரத்தத்தைக் கழுவும்.
வெளியே தே ஓ ஆறிக்கொண்டிருக்க
555 நோட்டில் எழுதுவேன் நான்.
ஐயாயிரத்துக்கு ஒருமுறை எண்ணெய், ஃபில்டர்.
எண்பதாயிரத்துக்கு டைமிங் பெல்ட்,
அறும்வரை காத்திருந்தால் எஞ்சினையே மாற்று.
சக்கரத்து ரப்பர் உறை கிழிந்தால் முப்பது வெள்ளி,
கிழிந்ததைக் காணாதது மாதிரி ஓட்டினால் முந்நூறு.
"உன் வண்டிக்கு ஐயாயிரத்துக்கு ஒரு ஃபில்டர்,
எனக்கு இரண்டு நாளைக்கு ஒன்று.
யார் பழைய வண்டி, சொல்லு?"
என்று ஜோசப் அந்தோணி சிரிப்பார்.
சந்தை முனையில் ஏறுகிறவர். ஏறிக்கொண்டிருந்தவர்.

ஒரே ஒருமுறை சோம்பினேன்.
ரேடியேட்டர் குழாய் உப்பியிருக்கிறது என்றான் ரஸாலி.
நாற்பது வெள்ளி. அடுத்த மாதம் என்றேன்.
ஜுவாசே தாண்டி, பழக்குலை லாரிக்குப் பின்னால்,
முள் சிவப்புக்கு ஏறியது. வெண்புகை.
மூவரும் சாலையோரம் வெயிலில் நின்றார்கள்,
ஊசி குத்திய கைகளைத் தாங்கிப் பிடித்தபடி.
யாரும் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு எதுவும் நடக்கவில்லை.
ஏழு வருஷமாக எதுவும் நடக்கவில்லை.
அந்த 'எதுவும் நடக்கவில்லை'க்கு ஆன செலவு
நோட்டில் கடைசி சென் வரை இருக்கிறது.

போன வாரம் தவ்கே சொங் வண்டியைச் சுற்றி வந்தார்.
டயரை உதைத்தார், கதவைச் சாத்தினார்,
சாத்திய சத்தம் பிடித்துப்போய் மறுபடி சாத்தினார்.
"எஞ்சின் நல்லா இருக்குலா. மீட்டர்தான் கூட.
நூற்றைம்பதாயிரத்துக்குத் திருப்பிக்கலாம், பத்து நிமிஷ வேலை.
ஆயிரத்தைந்நூறுக்குப் போறது நாலாயிரத்துக்குப் போகும்."

நாலாயிரம். வாயில் நீர் ஊறத்தான் செய்தது.
வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டேன்.
நூற்றைம்பதாயிரம் என்றால்
வாத்தியார் பையன் கல்யாணத்துக்கு ஓட்டியது நிற்கும்.
ஜுவாசே போய்விடும், அது போகட்டும்.
ஆனால் ஜோசப் ஏறியது இருநூற்றுப் பதினோராயிரத்தில்.
மீட்டரைத் திருப்பினால்
மனிதர் இன்னும் ஏறவே இல்லை என்றாகும்,
சந்தை முனையில் பையோடு நின்றுகொண்டிருப்பார்.

இன்று அந்த முனையில் யாரும் இல்லை.
மீன் ஐஸ் உருகிய நீர் மட்டும் சாலையில் ஓடுகிறது.
என் கால் அதுவாகவே பிரேக்குக்குப் போனது.
கீச் என்று ஒரு சத்தம், மெலிதாக, முன்னால் இடப்பக்கம்.
குணவதிக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

கோலா பிலா. தே ஓ. நோட்டு.
412 380. முன் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது.
'அடுத்த மாதம்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்:
'இன்றைக்கு, திரும்பும் வழியில், ரஸாலி.'